அடுப்படிப் பக்கம்

அந்தப் படகுக்கு இடது வலது கிடையாது. அடுப்படிப் பக்கம், ஆற்றுப் பக்கம் என்று இரண்டே பக்கங்கள்தான்.

வீடு தெருவைப் பார்த்தபடி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்னால் அடுப்படி. அடுப்படி ஜன்னலுக்கு நேர்கீழே ஐந்து கல்படிகள், கடைசிப் படிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் சுவரில் பதித்த இரண்டு இரும்பு வளையங்கள். ரொட்டிப் படகுக்காரர் இருபத்திரண்டு வருடங்களாக, படகின் மூக்கு கழிமுகத்தைப் பார்க்கும்படி அந்த வளையங்களில் கட்டி வந்தார். சுவரை உரசிக்கொண்டு நிற்பது அடுப்படிப் பக்கம். மற்றது ஆற்றுப் பக்கம். கல்யாணமான புதிதில் அவர் மனைவியிடம் படகில் இருந்த ஒரு சாக்கைக் காட்டி, “அதை அடுப்படிப் பக்கம் நகர்த்து” என்றார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் அவள் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளுக்கும் அந்தப் பேச்சு பழகிவிட்டது. வீடே கண்ணுக்குத் தெரியாத நடு ஆற்றில், எதிரே ஒரு மரக்கட்டை மிதந்து வந்தாலும், “அடுப்படிப் பக்கம் ஒதுக்குங்க!” என்றுதான் கத்துவாள்.

“ஊர் உலகத்துல எவனாவது டீ போடுற இடத்தை வச்சு திசை சொல்லுவானா?” என்று அவளுடைய தம்பி கேலி செய்வான். அவன் ஒரு மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டு கிடந்து சத்தம் போடும் என்பதால் தெருவில் அவனுக்குப் பெயரே நட்டு.

“உனக்கென்னடா தெரியும்?” என்பார் அவர். “இடதுன்னா யாரோட இடது? திரும்பி உக்காந்தா மாறிப்போகும். அடுப்படி எங்கயாவது மாறுமா?”

அக்கரைக்குப் பாலம் கிடையாது. அங்கே நூற்றைம்பது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், வலை பின்னும் ஒரு தொழிற்சாலை. பேக்கரி இக்கரையில். தினமும் விடியும் நேரத்தில் பேக்கரியின் பின்வாசலில் இருந்து பதினெட்டுத் தட்டு ரொட்டி, மேலே ஈரம் இறங்காமல் தார்ப்பாய் போர்த்தி, படகில் ஏறும். முக்கால் மணி நேரத்தில் அக்கரை. பள்ளி மணி அடிப்பதற்கும் தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கும் முன்னால் ரொட்டி போய்விட வேண்டும். சூடாகப் போக வேண்டும். ரொட்டி ஆறிப்போனால் வாங்க ஆளில்லை, அதற்குப் பதிலாக அங்கே கடைகளில் பொட்டலம் பொட்டலமாக பிஸ்கட் தொங்கியது.

நடுவில் ஒரு மணல் திட்டு. தண்ணீர் வற்றிய வேளைகளில் அதன்மேல் முழங்கால் ஆழம்கூட இருக்காது. சுற்றிப் போனால் இன்னும் நாற்பது நிமிடம். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினால் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும், படகு நின்றுவிடும், நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுத்துப் போய்த் திட்டில் உட்கார வைத்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நேராக மேலே ஒரு சாண் தூக்கி, அதன் கவ்விக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருக வேண்டும். விசிறி தண்ணீருக்குள்ளேயே இருக்கும், ஆனால் மணலைத் தொடாது. திட்டைத் தாண்டியதும் கட்டையை உருவ வேண்டும். இருபத்தேழு கிலோ எஞ்சின். படகுக்காரர் இதை ஒரு கையால் செய்வார், மறு கை ஓட்டும் தண்டில் இருக்கும். அக்கரைப் பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்கென்றே கரையில் நிற்பதுண்டு.

ஒரு காலையில் எஞ்சின் பாதி தூரம் ஏறியபோது வலது தோளுக்குள் ஏதோ துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கரையில் நின்ற பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. ஆபரேஷன் ஆனது. மார்புக்கு மேலே கையைத் தூக்கிப் பாரம் எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக மனைவி தண்டைப் பிடித்தாள், திட்டு வந்ததும் நட்டு இரண்டு கையாலும் எஞ்சினைத் தூக்கினான். அதுவரை அவள் ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க ஆவிக்குள் நின்றவள். ஆற்றில் முதல் வாரம் குளிரில் உதடு வெடித்தது. இரண்டாவது வாரம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, கறுத்துப் போனதைப் பற்றி எதுவும் சொல்லாமல் தலையை வாரிக்கொண்டாள். அக்கரையில் அவளை ரொட்டிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை, சொல்லும்படியான விஷயமாகத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது நீரோட்டத்தில் படகை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி மூக்கைக் கழிமுகத்துக்குத் திருப்பிக் கட்டுவது அவளுக்குச் சிரமமாக இருந்தது. அவள் வந்த வாக்கிலேயே நேராக வந்து கட்டிவிட்டுப் போனாள். காலையில் நிதானமாகத் திருப்பிக்கொள்ளலாம். ஆக, படகு இப்போது கழிமுகத்துக்கு எதிர்த்திசையில், மூக்கை உள்ளூரைப் பார்த்து வைத்துக்கொண்டு நின்றது.

அவர் அதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே, “படகுல ஏறுற அன்னைக்குத்தான் அதைப் பாப்பேன்” என்று சொல்லிவிட்டார். அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தாலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார். மற்ற நேரமெல்லாம் தெருப் பக்கத்து அறைதான். அந்த அறையின் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள், வலது கை விரல்களைச் சுவரில் நண்டு மாதிரி மேலே நடக்கவிட வேண்டும், எட்டிய இடத்தில் கோடு போட வேண்டும். முதல் மாதத்துக் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கடைசி மூன்று வாரத்துக் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து, தடித்து, ஒரே கோடாகிவிட்டன. அது அவர் வாய் உயரத்தில் இருந்தது.

வியாழக்கிழமை சாப்பிடும்போதுதான் நட்டு விஷயத்தைச் சொன்னான். பேக்கரியில் உடைந்த ரொட்டிகளை ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதை முட்டையில் தோய்த்துக் கல்லில் வாட்டிப் போட்டிருந்தாள் அக்கா. அவன் நாலாவது துண்டை எடுத்தபடி ஆரம்பித்தான்.

“அக்கா, திங்கட்கிழமையில இருந்து நான் வர முடியாதுக்கா.”

“ஏன்டா?”

“ஒர்க்‌ஷாப்ல ஒரே சத்தம். காலையில வண்டியை விட வர்றவன்லாம் பூட்டைப் பாத்துட்டுப் போறான். மூணு மாசம் ஆச்சு. அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு மச்சான்?” என்றார் அவர். “திங்கட்கிழமை நான் ஏறிடுவேன்.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

“எப்படிங்க?” என்றாள் அவள்.

அவர் சாப்பிடும் கையைத் துடைத்துவிட்டு, தலையணைக்கு அடியில் இருந்து ஒரு கேட்டலாக்கை எடுத்து வந்தார். நகரத்துப் படகுச் சாமான் கடை ஒன்றுடையது. படித்துப் படித்து நடுப் பக்கம் தனியாகக் கழன்றிருந்தது. அதில் எஞ்சின் மவுண்ட்கள். பின்பலகையில் பொருத்திவிட்டால், எஞ்சின் அதன்மேல் உட்காரும். கைப்பிடியை இழுத்தால் எஞ்சின் அப்படியே நேராக மேலே ஏறும், விட்டால் அங்கேயே நிற்கும்.

“இங்க பாரு. ஸ்பிரிங் வச்சது. நாலு படி. பாரத்தை ஸ்பிரிங் தாங்கிக்கும். நாம வெறுமனே வழிகாட்டினா போதும். ஒத்தைக் கை வேலை. என் இடது கைக்கு என்ன குறைச்சல்?”

“மூணு வாரமா இதைத்தான் தலையணைக்கு அடியில வச்சிருந்தீங்களா?” என்றாள் அவள். “நான் ஏதோ லவ் லெட்டர்னு நினைச்சேன்.”

“அதுவும் இருக்கு. பாட்டரி பட்டன் போட்டது ஒண்ணு, பக்கம் பதினாறுல. பட்டனை அமுக்கினா தானா ஏறும்.”

“உப்புத் தண்ணியில அது ஆறு மாசம் தாங்காது அத்தான்,” என்றான் நட்டு. “ஒரு நாள் நடு ஆத்துல பட்டன் மட்டும் கையோட வரும். ஸ்பிரிங்கே எடுங்க. துருப்பிடிக்காத இரும்பா?”

“ஆமா. அலுமினியமும் இருக்கு. லேசு.”

“லேசுதான். ஆனா அதுக்குப் போடுற போல்ட் இரும்பு. ரெண்டும் சேந்தா அலுமினியம் அரிச்சிடும். இரும்பே எடுங்க.”

பின்பலகையின் அகலத்தை எடுக்க அவர் மனைவியைத்தான் நூலோடு கீழே அனுப்பியிருந்தார். மூன்று முடிச்சுப் போட்ட அந்த நூல் கேட்டலாக்குக்குள் அடையாளமாகக் கிடந்தது. எஞ்சின் பாரம், பலகையின் கனம், சாய்வு, எல்லாவற்றையும் கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்துப் படிவத்தில் எழுதிவிட்டார். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கைப்பிடி: இடது, வலது.

“இது ஏன் நிரப்பல?” என்று கேட்டான் நட்டு.

“படகுல ஏது இடது வலது? கடையில போய் வாயால சொல்லிக்கலாம்.”

சனிக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி. தவிர, நகரத்துப் பேருந்தில் எழுபது கிலோமீட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. ரொட்டியை இறக்கிவிட்டு வந்து, படகைக் கட்டிவிட்டு, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு அவளே கிளம்பினாள். நட்டுவும் கூடப் போனான்.

கடை நீளமாக, குறுகலாக, புதுக் கயிற்றின் வாசனையோடு இருந்தது. கடைக்காரர் ஒரு கண்ணாடியைக் கண்ணிலும் இன்னொன்றை நெற்றியிலும் மாட்டியிருந்தார். படிவத்தைப் படிக்க ஒன்று, ஆளைப் பார்க்க ஒன்று. நட்டு ஒரு மூலையில் அடுக்கியிருந்த பழைய கார்ப்புரேட்டர்களைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைக்காரர் மூன்று மவுண்ட்களை ஒரு தடித்த பலகையில் பொருத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் எஞ்சினுக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டை.

“தூக்கிப் பாருங்கம்மா.”

“நான் எதுக்கு? ஓட்டுறது அவருதான்.”

“அவரு வரலையே. உங்க கையையாவது பாக்கறேன். ஸ்பிரிங் ரொம்ப முரடா இருந்தா தூக்க சுகமா இருக்கும், இறக்க முடியாது. உயிரைக் குடுத்து அமுக்கணும். ரொம்ப சொங்கியா இருந்தா இறக்க சுகம், ஏத்தும்போது பல்லைக் கடிக்கணும். கல்யாணம் மாதிரி, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பாத்து எடுக்கணும்.”

அவள் முதல் மவுண்டின் கைப்பிடியை இழுத்தாள். மூட்டை துள்ளி மேலே போய் இடித்தது. இறக்கும்போது இரண்டு கையும் தேவைப்பட்டது. இரண்டாவது மூட்டை அசையவே இல்லை. மூன்றாவதை இழுத்தாள். ஒரு படி ஏறி, டக் என்று நின்றது. இன்னொரு படி. இன்னொன்று. மேலே போனதும் கைப்பிடியை லேசாக வெளியே தள்ளி விட்டாள், மூட்டை கூடவே இறங்கி வந்தது. அவள் இன்னொரு முறை செய்தாள். பிறகு கடைக்காரர் கண்ணாடி மாற்றும் நேரத்தில் மூன்றாவது முறையும் செய்தாள்.

“இது சரியா வருது,” என்றாள்.

“உங்களுக்கு வருது. அவருக்கு?”

“அவரு இடது கையால தூக்குவாரு. வலது கை ஆபரேஷன்.”

“அப்போ கைப்பிடி எந்தப் பக்கம் வரணும்? இடதா, வலதா? அது ஒட்டி வர்ற சாமான். மாத்தி மாட்ட முடியாது, முழு மவுண்டையே மாத்தணும். நல்லா கேட்டுச் சொல்லுங்க. எஞ்சினைப் பாத்து நின்னு இடதுன்னு சொல்லுவாங்க, அப்புறம் சண்டைக்கு வருவாங்க.”

அவள் போன் செய்தாள். அவர் பயிற்சி அறையில் இருந்தார். பின்னால் ஒரு பெண் குரல் எண்ணிக்கொண்டிருந்தது.

“ஏங்க, கைப்பிடி எந்தப் பக்கம்னு கேக்கறாரு.”

“அடுப்படிப் பக்கம்.”

“அடுப்படிப் பக்கம்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்த முடியாதாம்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணு வாரமா யோசிச்சதுதான். அடுப்படிப் பக்கம். ஐயோ, மெதுவாம்மா…” என்றார். கடைசிச் சொல் பயிற்சிப் பெண்ணுக்கு.

அவள் போனை வைத்துவிட்டு ஒரு நொடி கண்ணை மூடினாள். அன்று காலை தான் கட்டிவிட்டு வந்த படகு தெரிந்தது. அதன் சொட்டும் கயிறு, சுவரை உரசிக்கொண்டிருந்த விளிம்பு, மேலே அடுப்படி ஜன்னல். படகின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சுவர் இருந்த பக்கத்துக் கையை உயர்த்தினாள். வேறு எதுவும் அவள் மனதில் அப்போது இல்லை.

“இந்தப் பக்கம்.”

“மூக்கைப் பாத்து உக்காந்தா?”

“மூக்கைப் பாத்துதான்.”

“வலது,” என்று கடைக்காரர் காலிக் கட்டத்தை நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. ஆறு எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. நட்டு படகின் பின்பலகைக்கு உள்பக்கம் ஒரு தடித்த பலகைத் துண்டை ஒட்டி, நாலு துளை போட்டு, துளைகளுக்குள் பசையை நிரப்பி, போல்ட்டுகளை முறுக்கினான். அவன் அக்கா தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று வெளிப்பக்கத்தில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள். போல்ட் முழுக்க இறுகியதும் பசை பிதுங்கி வந்தது. அதை விரலால் வழித்துத் தண்ணீரில் கழுவினாள்.

“அத்தானைக் கூப்பிடுக்கா.”

அவரே வந்துவிட்டிருந்தார். முகம் மழித்து, படகுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். வலது கையை அதற்குள் நுழைக்க எவ்வளவு நேரமாகியிருக்கும் என்பது சட்டையின் கசங்கலில் தெரிந்தது. படிகளில் காலைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். படகில் காலை வைத்ததும் அது ஒரு முறை ஆடி, அவரைத் தெரிந்துகொண்டதுபோல நின்றது. யாரையும் பார்க்காமல் நேராகப் பின்பலகைக்குப் போனார். தண்டுக்கு இடதுபுறம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் நீட்டினார்.

கை காற்றைத் துழாவியது.

“கைப்பிடி எங்க?”

“இதோ இருக்கே அத்தான்,” என்று நட்டு மறுபக்கத்தைக் காட்டினான்.

“அடுப்படிப் பக்கம்னு சொன்னேன்.”

“அடுப்படிப் பக்கம்தாங்க இருக்கு,” என்றாள் மனைவி, தண்ணீரில் நின்றபடி.

“இதுவா அடுப்படிப் பக்கம்?”

“பின்ன?” அவள் ஈரக் கையால் மேலே காட்டினாள். “அதோ அடுப்படி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் இருந்தது. அதன் கட்டையில் கவிழ்த்து வைத்த பால் பாத்திரம் இருந்தது. கீழே சுவர், சுவரை உரசிக்கொண்டு படகு. கைப்பிடி அந்தப் பக்கம்தான் இருந்தது. பிறகு அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் படகின் மூக்கைப் பார்த்தார். அது கழிமுகத்துக்கு எதிர்த்திசையில், ஊருக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரு இதைத் திருப்பிக் கட்டினது?”

நட்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்ததையே துடைத்தான்.

“நான்தான்,” என்றாள் அவள்.

“எப்போ?”

“தினமும்தான். மூணு மாசமா. எனக்கு அந்தச் சுழியில திருப்ப வராதுங்க. நேரா வந்து கட்டிடுவேன்.”

“மூணு மாசமா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“நீங்க ஜன்னலுக்கே வரலையே.”

அவர் மறுபடியும் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக மாறாத ஒன்று மாறியிருந்தது, ஆனால் அடுப்படி அதே இடத்தில்தான் இருந்தது. அவள் வேண்டுமென்று செய்ததாக இருந்தால் திட்டியிருக்கலாம். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. அவளும் அப்போதுதான் கைப்பிடியையும் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, “அடக் கடவுளே” என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் குடி முழுகல,” என்றான் நட்டு. “ஓட்டை ரெண்டுக்கும் ஒரே ஓட்டைதான். புதன்கிழமை ஒர்க்‌ஷாப் லீவு. இதைக் கழட்டி எடுத்துட்டுப் போய் இடது கைக்கு மாத்திட்டு வந்துடறேன். நேத்துதானே வாங்கினோம், கொஞ்சம் முனகுவாரு, குடுத்துடுவாரு. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க அத்தான்.”

அவர் தண்டுக்கு வலதுபுறம் நகர்ந்து உட்கார்ந்தார். வலது கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். எஞ்சின் முதல் படி ஏறியது. டக். இரண்டாவது படி. டக். மூன்றாவதற்குக் கைப்பிடி அவர் வாய் உயரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. கை நின்றுவிட்டது. முகம் மாறாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து இழுத்தார். எஞ்சின் ஏறியது. ஆனால் உடம்பு முழுக்கத் திரும்பி, அவர் படகின் மூக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“இப்படி ஓட்டினா அக்கரைக்குப் பதிலா ஆகாயத்துக்குத்தான் போவீங்க,” என்றான் நட்டு.

“நீ ஏறு,” என்றார் அவர் மனைவியிடம்.

“நானா?”

“தூக்கிக் காட்டு.”

அவள் புடவையைப் பிழிந்துவிட்டு ஏறினாள். அவர் எழுந்து இடம்விட்டார். அவள் உட்கார்ந்து இடது கையைத் தண்டில் வைத்தாள், வலது கையைப் பின்னால் விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் நாலு படியும் ஏறி, நாலு படியும் இறங்கியது. அதற்குள் அவள், “அடுப்புல பால் வச்சேன்டா, போய்ப் பாரு” என்று தம்பியிடம் சொல்லியும் முடித்திருந்தாள்.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்தணும்னா மாத்திடலாங்க,” என்றாள் அவள், தண்டில் இருந்து கையை எடுத்துவிட்டு. “புதன்கிழமைதானே. ரெண்டு நாள் எப்படியாவது நான் சமாளிக்கறேன். அப்புறம் நீங்க ஓட்டலாம்.”

“அப்புறம் நீ?”

“சலவைக் கடைக்குத்தான். வரச் சொல்லிட்டே இருக்காங்க.”

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது மட்டும் ஆற்றின் நடுவே பார்த்துச் சொன்னாள்.

“புதன்கிழமை பாத்துக்கலாம்,” என்றுவிட்டு அவர் படியேறிப் போனார். அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

திங்கட்கிழமை பனிமூட்டம். பேக்கரியின் பின்வாசல் விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத் தெரிந்தது. அவள் தட்டுகளை இரண்டிரண்டாகக் கொண்டுவந்து அடுக்கினாள். அவர் இடது கையால் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார்.

“வந்தாச்சா? தோள் எப்படி? இனிமே நீங்கதானே?”

“இன்னைக்கு நான் பயணி,” என்றார் அவர். “டிக்கெட் கேப்பாளோன்னு பயமா இருக்கு.”

தார்ப்பாயை இழுத்துப் போர்த்தியதும் அவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பின்பலகைப் பக்கம் அவள் உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ரொட்டி. அவர் தட்டுகளைத் தாண்டிப் போய் மூக்கில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அங்கே உட்காருவது இதுவே முதல் முறை. அங்கே எஞ்சின் சத்தம் குறைவாகவும், தண்ணீர் கிழிபடும் சத்தம் அதிகமாகவும் இருந்தது. பின்னால் இருந்து ரொட்டியின் சூடு முதுகில் வந்து பட்டது. இத்தனை வருடமாக அந்தச் சூட்டைச் சுமந்திருக்கிறார், ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பனிக்குள் திட்டு எங்கே தொடங்குகிறது என்பது பின்னால் இருந்தவளுக்குத் தெரியவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள். மூக்கில் இருந்தவருக்குத் தெரிந்தது. தண்ணீரின் நிறம் மாறி, அடியில் மணலின் வரிகள் வந்தன. எப்போதும் போகும் வாய்க்காலை நீரோட்டம் இந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் தள்ளி வெட்டியிருந்தது. இடதுபுறம் மணல் முதுகு காட்டிக்கொண்டிருந்தது. ஆழம் வலதுபுறம்.

“ஒதுக்கு! ஆத்துப் பக்கம்!” என்று கத்தினார்.

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது. “எந்த ஆத்துப் பக்கம்? உங்களோடதா, என்னோடதா?”

மணல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று பார்த்தது, பறக்கவில்லை. அது நின்ற இடத்தில் தண்ணீர் அதன் முழங்காலுக்குக் கீழே இருந்தது. அவர் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லைச் சொன்னாலும் இரண்டு அர்த்தம் வந்தது. வலது கையைத் தூக்கிக் காட்டலாம் என்று தூக்கினார், அது வாய் உயரத்தில் நின்றுவிட்டது. பனிக்குள் அவளுக்கு அது தெரிந்திருக்காது.

“கைப்பிடி!” என்று கத்தினார். “கைப்பிடிப் பக்கம்!”

படகு உடனே வலதுபுறம் திரும்பியது. பின்னால் டக், டக் என்று இரண்டு படி கேட்டது. அடியில் எதுவும் உரசவில்லை. நாரை அவர்களுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனது.

திட்டைத் தாண்டியதும் எஞ்சின் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள் கண்ணை இடுக்கி, அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை நட்டு ஸ்பானரோடு வந்தபோது வளையங்களில் படகு இல்லை. வீடு பூட்டியிருந்தது. அடுப்படி ஜன்னல் கட்டையில் தட்டு போட்டு மூடிய உடைந்த ரொட்டியும், அதற்கடியில் கேட்டலாக்கில் இருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தன. தாளைச் சுற்றிக் கட்டியிருந்த, பின்பலகையை அளந்த நூலில் இன்னும் மூன்று முடிச்சு. தாளின் ஓரத்தில், இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் ஒரே வரி: ‘மச்சான், கழட்ட வேண்டாம். சாப்பிட்டுட்டுப் போ.’